ஒஹாயோவின் புதன், செங்டுவின் வியாழன்

நான் இந்த வேலையில் சேர்ந்தபோது அந்தக் கூட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு நேரம் இருந்தது. செவ்வாயும் வியாழனும், துபாயில் மாலை ஐந்து மணி. யார் வைத்த நேரம் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மேசை விளக்கையும் ஒரு கற்றாழைச் செடியையும் விட்டுப்போனதுபோல அதையும் விட்டுப்போயிருந்தார்.

எங்கள் நிறுவனம் சில்லர் விற்கிறது. பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் நின்று கட்டடம் முழுவதற்கும் குளிர்ந்த தண்ணீரை அனுப்பும், லாரி அளவு இயந்திரம். அதன் வரைபடம் அமெரிக்காவில், ஒஹாயோவில் போடப்படுகிறது. இயந்திரத்தைச் சீனாவில், செங்டு நகரத்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். பொருத்துவது இங்கே, துபாயிலோ சவூதியின் தம்மாமிலோ குவைத்திலோ. இந்த மூன்று இடத்து ஆட்களையும் ஒருவரோடொருவர் பேசவைப்பதுதான் என் உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருக்கும் என் அக்கா ஒருநாள் போனில் விசாரித்தாள்.

“அப்ப நீ அங்க என்ன செய்யிறாய்?”

“ஆக்களைக் கதைக்கப் பண்ணுறன்.”

“அதுக்குச் சம்பளமும் தருகினமோ?”

தருகிறார்கள் என்றேன். அது சும்மா கிடைக்கிற சம்பளம் இல்லை என்பதை அவளுக்கு விளங்கப்படுத்த அப்போது முடியவில்லை.

விஷயம் இதுதான். கோடைகாலத்தில் ஒஹாயோவுக்கும் செங்டுவுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இரண்டு ஊரிலும் கடிகார முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஒருவருக்குக் காலை ஒன்பது என்றால் மற்றவருக்கு இரவு ஒன்பது. அந்த இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அலுவலகத்தில் இருக்க வழியே கிடையாது. ஒருவர் தன் வீட்டு நேரத்தைக் கொடுத்தால்தான் பேச்சு நடக்கும். துபாய் இரண்டுக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மாலை ஐந்து என்பது எங்களுக்கு நல்ல நேரம், ஒஹாயோவுக்கு நல்ல நேரம். செங்டுவுக்கு மட்டும் இரவு ஒன்பது.

ஒஹாயோவில் எங்களோடு பேசுபவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு பொறியாளர். மரியாதையானவர், பிடிவாதக்காரர். காப்பிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்து, தன் ஊர் வானிலையைச் சொல்லாமல் எந்தக் கூட்டத்தையும் தொடங்க மாட்டார். செங்டுவில் பேசுபவள் முப்பதைத் தாண்டியிருக்காத ஒரு பெண் பொறியாளர். நான் சேர்ந்த புதிதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பிரசவ விடுமுறையில் போய், சில மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். திரும்பி வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். கேமராவைப் போடுவதில்லை. கேட்டதற்கு “யெஸ்” என்பாள், “ஓகே” என்பாள். அதுவும் காற்றில் வருகிற மாதிரி இருக்கும்.

நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். சீனாவில் அந்த வழக்கம் இல்லை, துபாயிலும் இல்லை. ஒஹாயோக்காரர் வழக்கம்போலத் தன் காலை ஒன்பதுக்கே வந்தார். அதனால் எங்களுக்குக் கூட்டம் ஆறு மணியானது. மேலாளர் மெட்ரோ நெரிசலைப் பற்றி முணுமுணுத்தார். செங்டுவில் அது இரவு பத்தானது. அவள் அதற்கும் “ஓகே” என்றாள்.

அந்த மாதக் கடைசியில் தம்மாமிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு கட்டடத்துக்கு எங்கள் மூன்று இயந்திரங்கள் போக வேண்டும். முதலாவது அப்போதுதான் போய் இறங்கியிருந்தது. பேசியவர் எங்கள் சைட் டெக்னீஷியன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

“அக்கா, மெசினு வந்துருச்சுக்கா. ஆனா தண்ணி பைப்பு மாத்தி வந்துருக்கு. வலதுல இருக்க வேண்டியது இடதுல இருக்கு. இந்தப் பக்கம் செவுருதான் இருக்கு, நான் எங்கிட்டுப் போயி மாட்ட?”

“வடிவாப் பாத்தனீங்களோ தம்பி?”

“என்னாக்கா, செவுத்துல முட்டிக்கிட்டு நிக்கிறேன், பாத்தியான்னு கேக்குறீங்க.”

மேலாளரிடம் போனேன். அவர் லெபனான்காரர், கோபம் வந்தால் கையை இரண்டு தரம் தட்டுவார், பிறகு ஆறிவிடுவார். அன்று ஆறவில்லை.

“அந்தப் பெண் கூட்டத்தில் தூங்குகிறாள். தொழிற்சாலைக்கு எழுது, வேறு ஆளைப் போடச் சொல். கலாஸ், அவ்வளவுதான்.”

“ஒரு நாள் பொறுங்கள். நான் முதலில் அவளோடு பேசுகிறேன்,” என்றேன்.

“பேசி?”

“என்ன நடந்ததென்று தெரியாமல் எழுதினால், வருகிற புது ஆளுக்கும் அதுதான் நடக்கும்.”

அவர் கையை ஒருதரம் மட்டும் தட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை, செங்டுவில் அலுவலகம் திறந்திருக்கும் நேரம் பார்த்து, துபாயின் கராமா பகுதியில் எங்கள் ஃபிளாட்டின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி அவளைக் கூப்பிட்டேன். கீழே இருக்கிற உணவகத்தில் இட்லி மாவுக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கியிருந்தது. அவள் எடுத்தாள். எனக்கு உண்மையாகவே வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. அவ்வளவு துலக்கமான குரல். வேகமான ஆங்கிலம், நடுவில் ஒரு சிரிப்பு. ஏழு மணி வரை தங்கள் ஊர் இருட்டாகவே இருக்கிறது, நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான், ஆனால் சூரியனுக்கு அது தெரியவில்லை என்றாள்.

குழாய் விஷயத்தைக் கேட்டேன். உடனே பதில் வந்தது.

“வலது பக்கம் என்று அவர் சொன்னார். எந்தப் பக்கம் நின்று பார்த்தால் வலது என்று நான் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. ‘ஓகே, அடுத்தது’ என்று போய்விட்டார்கள்.”

“ஏன் உரத்துக் கேட்கவில்லை?”

எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு சொன்னாள். வீடு சின்னது. குழந்தை ஒன்பது மணிக்குத் தூங்கும்; இவள் குரல் கேட்டால் எழுந்துவிடும். ஆகவே கூட்டம் நடக்கிற நேரமெல்லாம் அவள் அடுக்குமாடியின் படிக்கட்டில் உட்கார்ந்து, அங்கே எதிரொலிக்கும் என்பதால் கிசுகிசுத்துப் பேசுகிறாள். குளிர் வேறு. மறுநாள் விடியுமுன் குழந்தை எழுந்துவிடும்.

“நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாமே.”

“வாடிக்கையாளரின் நேரம் வாடிக்கையாளரின் நேரம்,” என்றாள். புகாராக அல்ல, வேலையின் விதிகளில் ஒன்றைச் சொல்வதுபோல.

போனை வைத்ததும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்குக் காலை ஒன்பது என்றால் ஒஹாயோவில் முந்தின நாள் இரவு எட்டு. துபாயில் விடிய ஐந்து. அவளைப் படிக்கட்டிலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் ஒஹாயோக்காரர் சாப்பாட்டுக்குப் பிறகு வர வேண்டும், துபாயில் யாராவது ஐந்து மணிக்கு உட்கார வேண்டும். அந்த யாராவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் காலையில் எழும்புகிறவள். அதோடு, இது என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு மருந்தகத்தில் பின்னேர டியூட்டி பார்க்கிறவர். வீட்டுக்கு வந்து படுக்கவே நேரமாகிவிடும்.

“விடிய அஞ்சு மணிக்குக் குசினிக்குள்ள இருந்து நீர் இங்கிலீசு கதைக்கப் போறீரோ?”

“கிழமைக்கு ஒருநாள்தான். கதவைச் சாத்திப்போட்டுக் கதைப்பன்.”

“உம்மட குரலுக்குக் கதவு என்ன செய்யும்?” என்றார். கொஞ்சம் யோசித்து, “வியாழக்கிழமையில நான் பிள்ளையின்ர அறையில படுக்கிறன்,” என்றார். எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

மேலாளரிடம் நிபந்தனையோடுதான் போனேன். “வியாழக்கிழமைக் கூட்டம் விடிய ஐந்து மணிக்கு. நம் பக்கத்திலிருந்து நான் உட்காருகிறேன். ஐந்துக்குத் தொடங்குகிற நாளில் ஒரு மணிக்கு நான் வீட்டுக்குப் போவேன்.”

“ஒரு மணிக்கா?” என்று சிரித்தார். “நீ கேட்கிறது கூட்டமா, விடுமுறையா?”

“இரண்டும். அதே கட்டடத்துக்கு இன்னும் இரண்டு இயந்திரம் வர வேண்டியிருக்கிறது. அவையும் இடப்பக்கமாக வந்தால் என்ன செய்வீர்கள்?”

ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

ஒஹாயோக்காரர்தான் கடினமாக இருந்தார். “இத்தனை வருடத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வேலையைத் தொட்டதில்லை. என் மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது,” என்றார். அதை நான் மதித்தேன். ஆனால் விடவில்லை.

“செங்டுவில் இருப்பவர் வாரத்தில் இரண்டு இரவு கொடுக்கிறார். நீங்கள் ஒன்று கொடுங்கள், அவர் ஒன்று கொடுக்கட்டும். நான் ஒரு விடியற்காலையைக் கொடுக்கிறேன்.”

“குழாய்த் தவறுக்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“உங்களிடம் அவர் இரண்டு முறை கேள்வி கேட்டிருக்கிறார். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டதால் உங்களுக்குக் கேட்கவில்லை.”

அவருக்கு அது புதுச் செய்தி. தொண்டையைச் செருமிக்கொண்டார். “வியாழன். இரவு எட்டு. ஒரு தடவை வருகிறேன்,” என்றார்.

வியாழன் என்று அவர் சொன்னதை நான் கவனித்திருக்கலாம். கணினியில் அனுப்பிய அழைப்பில் ஒவ்வொருவருக்கும் அவரவர் நாளும் நேரமும் சரியாகத்தான் விழுந்திருந்தன. ஆனால் அவர் கணினியை நம்பாமல் சுவர் நாட்காட்டியில் பேனாவால் எழுதிவைக்கிற மனிதர்.

வியாழன் விடிய ஐந்து மணிக்கு நான் குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செங்டுக்காரி வந்தாள், தலை வாரி, காலர் வைத்த சட்டை போட்டு, கேமராவோடு. இருவரும் காத்திருந்தோம். ஒஹாயோ வரவில்லை. பாங்கு சொல்லும் நேரமாகியும் வரவில்லை. அவள் முகம் மெல்ல மெல்லப் பழையபடி ஆவதைப் பார்த்தேன். “பரவாயில்லை, மாலையிலேயே வைத்துக்கொள்ளலாம்,” என்றாள்.

“இல்லை,” என்றேன். “அவர் வருவார். ஏதோ பிசகு நடந்திருக்கிறது.”

வெள்ளிக்கிழமை விடிய, ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. வீடே எழும்பிவிட்டது. ஒஹாயோக்காரர். குரல் விறைப்பாக இருந்தது.

“நான் அரை மணி நேரமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் எங்கே?”

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. “ஐயா, உங்களுக்கு இன்று என்ன கிழமை?”

“வியாழன். வேறென்ன?”

“எங்களுக்கு வெள்ளி. எங்கள் வியாழன் காலை உங்களுக்குப் புதன் இரவு. நேற்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.”

மறுமுனையில் தாள் சரசரத்தது. நாட்காட்டியைப் பார்க்கிறார் போல. “என் வியாழன் இன்னும் முடியவில்லை,” என்றார் மெதுவாக. பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

“போனை வைக்காதீர்கள்,” என்றேன். “வந்தது வந்துவிட்டீர்கள். அவரையும் பிடிக்கிறேன்.”

செங்டுவில் வெள்ளிக்கிழமை காலை, வேலை நேரம். நான் கூப்பிட்டபோது அவள் மேசையில் இல்லை. தொழிற்சாலைக்குள், பின்னால் சுத்தியல் சத்தமும் வெல்டிங் பொறியுமாக நின்றாள். கையில் போன்தான். மேசைக்கு ஓடவா என்று கேட்டாள். “வேண்டாம், நிற்கிற இடத்திலேயே கேமராவைப் போடுங்கள்,” என்றேன்.

அவள் போனைத் திருப்பினாள். திரையில் இரண்டாவது இயந்திரம் நின்றது. வண்ணம் அடிக்காத இரும்பு, வயிறு திறந்தபடி.

ஒஹாயோக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. “அது என்னுடையதா?” என்றார்.

அவர் வரைந்த இயந்திரம் உருவாவதை அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை. பார்க்க வழியில்லை. அவர் வேலை செய்த நேரத்தில் அந்தத் தொழிற்சாலை எப்போதும் பூட்டிக் கிடந்தது; அவள் எப்போதும் வீட்டில் இருந்தாள். அவருக்கு வந்ததெல்லாம் முடிந்த பிறகு எடுத்த படங்கள்தான்.

“கன்ட்ரோல் பேனல் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

அவள் போனை ஒரு தொழிலாளியின் கையில் கொடுத்துவிட்டுப் பேனல் முன்னால் போய் நின்றாள். “நான் பேனலைப் பார்த்து நிற்கிறேன். என் வலது கை இது.” கையை உயர்த்தினாள். “தண்ணீர்க் குழாய் இந்தக் கைப் பக்கமா?”

“அந்தக் கைதான். அதே கைதான்!” என்று அவர் சத்தம் போட்டார்.

மின்னஞ்சலில் இரண்டு வாரம் இழுத்திருக்கும் கேள்வி அவள் கையை இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. அவள் சீன மொழியில் ஏதோ சொல்ல, வெல்டிங் செய்துகொண்டிருந்தவர் சாக்குக்கட்டியால் இரும்பில் பெரிய அம்பு ஒன்று போட்டார்.

அதோடு அவர் விடவில்லை. அதைக் காட்டு, இதைக் காட்டு, கிட்டே போ, அந்த மூலையில் என்ன, அந்தத் தாங்கியை யார் அங்கே வைத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னாள். இரண்டு இடத்தில் அவரை மறுத்துப் பேசினாள். உரத்த குரலில். அந்தக் குரல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒஹாயோ வீட்டில் ஒரு பெண் குரல் எட்டிக் கேட்டது. “இதோ, ஒரு நிமிடம்” என்று அவர் அதையே மூன்று நான்கு தரம் சொன்னார். நான் இரவு உடுப்போடு, கேமராவை அணைத்துவிட்டு, அடுப்பில் தேத்தண்ணி கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, ஹூ இஸ் ஷவுட்டிங்?”

“சீனாவும் அமெரிக்காவும்.”

“ஆர் தே ஃபைட்டிங்?”

“இல்லை, வேலை செய்யினம்.”

கூட்டம் முடியும்போது ஒஹாயோக்காரர் சொன்னார்: “அடுத்த புதன், இரவு எட்டு. என்னுடைய புதன்.” அன்றிலிருந்து நான் அனுப்பும் எந்த மின்னஞ்சலிலும் வெறும் கிழமை இருக்காது. உங்கள் புதன் மாலை, உங்கள் வியாழன் காலை என்று அவரவருக்கு அவரவர் நாளைத்தான் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் தம்மாமையும் சேர்க்கலாம் என்று தோன்றியது. சவூதியில் எங்களைவிட ஒரு மணி நேரம் குறைவு. அப்படியானால் அங்கே விடிய நாலு. டெக்னீஷியனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“நாலு மணிக்கா? நான் அதுக்கு முந்தியே எந்திரிச்சிருவேன்க்கா. கேம்ப்ல பாத்ரூமுக்கு லைன் நிக்கணும்ல. லைன்ல நின்னுக்கிட்டே பேசுறேன்.”

அப்படியே பேசினார். பின்னால் வாளிச் சத்தம் கேட்டது. யாரோ “பாய், ஜல்தி” என்று கதவைத் தட்டினார்கள். அவர் தமிழில் கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கிரேன் ஒரு பக்கம்தான் நிற்க முடியும், தூக்கும் கொக்கிகளை அந்தப் பக்கம் வைக்க முடியுமா என்பது கேள்வி. முடியும் என்றார் ஒஹாயோக்காரர். நாளைக்கே மாற்றிவிடலாம் என்றாள் செங்டுக்காரி. “சரி, அவ்ளோதான்க்கா, என் முறை வந்துருச்சு,” என்று அவர் வைத்துவிட்டார். செங்டுக்காரி அவர் எங்கே போனார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்து முடிக்க நேரமெடுத்தது.

முதல் இயந்திரத்தின் குழாயைத் தம்மாமிலேயே ஒரு வொர்க்‌ஷாப்பில் வளைத்துச் சுற்றுவழியாகக் கொண்டுபோனார்கள். அழகாக இல்லை, ஆனால் தண்ணீர் ஓடியது. மற்ற இரண்டும் வசந்தத்தில் வந்து இறங்கின. டெக்னீஷியன் குரல் செய்தி அனுப்பினார்: “அக்கா, மாட்டியாச்சு. செவுத்துல முட்டல.”

மேலாளர் உற்சாகமாகிவிட்டார். “யல்லா, செவ்வாயையும் விடியற்காலைக்கு மாற்று,” என்றார்.

“மாற்ற மாட்டேன்,” என்றேன். “ஒரு விடியற்காலைதான் நான் கொடுத்தது.” செவ்வாய்க்கு வேறு வழி செய்தேன். ஒஹாயோக்காரர் இருட்டோடு எழும்புகிறவர் என்பது வானிலைப் பேச்சிலேயே தெரியும். காலை ஏழுக்கு வர முடியுமா என்று கேட்டேன். எப்போதோ கேட்டிருக்கலாமே என்றார். அது செங்டுவில் இரவு எட்டு, குழந்தை தூங்குமுன். அவள் மகனை மடியில் வைத்துக்கொண்டே கூட்டத்துக்கு வந்தாள். அவன் இயந்திரங்களைப் பற்றிய எங்கள் பேச்சை மிகுந்த அக்கறையோடு கேட்டான்.

மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை முன்னால் தள்ளியபோது, இரண்டு வாரம் முன்பே நான் எல்லோருக்கும் எழுதிவிட்டேன்: செங்டுவும் துபாயும் அசையாது, ஒஹாயோ மட்டும் நகரும். யாரும் தாமதமாகவில்லை.

ஒஹாயோக்காரர் அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றார். கடைசிக் கூட்டத்துக்கு மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். “இவர்தான் நம் புதன் இரவுகளை எடுத்தவர்,” என்று என்னைக் காட்டினார். அந்த அம்மா கையசைத்து, “புதன்கிழமைகளில் எனக்கு நிம்மதியாக இருந்தது,” என்றார்.

அவர் இடத்துக்கு வந்தவர் கலிஃபோர்னியாவிலிருக்கும் ஓர் இளைஞர். கலிஃபோர்னியா ஒஹாயோவைவிட இன்னும் மூன்று மணி நேரம் பின்னால். எங்கள் விடிய ஐந்து, அவருக்கு அலுவலகம் முடிகிற மாலை ஐந்து. எங்கள் செவ்வாய் மாலைக் கூட்டமோ அவருக்கு நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் இடையில் விழும். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

“இரண்டு கூட்டத்தையும் என் மாலை ஐந்துக்கே வைத்துவிடலாமே. செங்டுவுக்கும் வசதி. எல்லோருக்கும் வசதி.”

“எனக்கு?” என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஓ,” என்றார்.

செங்டுக்காரி திரையில் புன்னகையை மறைக்கத் தண்ணீர் குடித்தாள்.

“வியாழன் விடிய ஐந்து, சரி,” என்றேன். “செவ்வாய் துபாயில் காலை ஏழு. செங்டுவில் பதினொன்று. உங்களுக்குத் திங்கள் மாலை ஏழு.”

“மாலை ஏழு எனக்குச் சாப்பாட்டு நேரம்.”

“எனக்கு அப்போதுதான் மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு மேலே வருகிற நேரம். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம். நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம்.”

அவர் கொஞ்சம் தயங்கி, திங்கள் மாலையா, நிச்சயமாகத் திங்கள்தானா என்று கேட்டார்.

“உங்கள் திங்கள்,” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.